அணு உலை வைக்கப்போற பேரனுக்கு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. காப்பிக் கொட்டாயைக் காலி பண்ணிக் குடுன்னு உங்க அம்மாகிட்டக் கேட்டியாமே? "மொளகு காயப்போடவே எடம் பத்தல, இவன் அதுக்குள்ள அணு உலை வைக்கப் போறேங்கறான் மாமா"ன்னு அவ மூக்கைச் சிந்திக்கிட்டு வந்தா. நான்தான் சமாதானம் சொல்லி அனுப்புனேன். "விடு ஆத்தா. பைக்கு கேட்டான், வாங்கிக் குடுத்தோம். போனு கேட்டான், வாங்கிக் குடுத்தோம். நம்ம மலையில, இந்தப் பைல் நாட்டுல இதுவரைக்கும் எவன் வீட்டுலயும் இல்லாதது அணு உலை ஒண்ணுதான். அது நம்ம வீட்டுக்கே வரட்டும். நாளைக்குப் பொண்ணு குடுக்க வர்றவங்க கேட்டா, மாப்பிள்ளைக்கு ரெண்டு ஏக்கர் காப்பி, ஒரு பைக்கு, ஒரு அணு உலைன்னு கௌரவமா சொல்லிக்கலாம்"னேன். அவ அதுக்கும் அழுதா. உங்க அம்மாவுக்கு விஞ்ஞானம் பிடிபடாது.

அதனால தடுக்கறதுக்குக் கூப்பிட்டேன்னு நெனச்சுக்காத. நீ போன்ல பாத்துத் தெரிஞ்சுக்கற, நான் செம்மேட்டு டீக்கடையில பேப்பரைப் படிச்சுத் தெரிஞ்சுக்கறேன். அதுபோக, கீழ்நாட்டுல ஒரு காலேஜுல பௌதிகம், ரசாயனம் ரெண்டு லேபுக்கும் நான்தான் எடுபிடி. பேருக்கு ஆய்வக உதவியாளர். வாத்தியாருங்க பாடம் நடத்துவாங்க. கழுவறது, தொடைக்கறது, பூட்டறது, சாவியை ஆணியில மாட்டறது எல்லாம் நான். பாடம் நடத்துனவங்களுக்குத் தெரியாத சங்கதி கொஞ்சம் சாவி மாட்டுனவனுக்குத் தெரியும். அதைச் சொல்லிட்டு, நானே வந்து கொட்டாயைக் கூட்டித் தர்றேன்.

எடம் பத்துமான்னு மொதல்ல பாத்துக்குவோம். உலகத்துல மொத உலையைச் சிகாகோவுல வெச்சாங்க. 1942 டிசம்பர் 2. பல்கலைக்கழக மைதானத்துல சனம் உக்காந்து வேடிக்கை பாக்கற காலரி இருக்குமே, அதுக்கு அடியில. ஃபெர்மின்னு ஒரு இத்தாலிக்காரர்தான் மேஸ்திரி. சாமான் கணக்கு கேட்டுக்க. கிராஃபைட்டு 360 டன். யுரேனிய ஆக்சைடு 45 டன். தனி யுரேனியம் ஒரு அஞ்சு டன். அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து நம்ம ஊருக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பத்து டன் லாரியா வெச்சாலும் நாப்பது லோடு தாண்டும். லாரி வாடகையை நான் பேசி முடிச்சுத் தர்றேன், சேந்தமங்கலத்துல நமக்கு ஆளு இருக்கு. அத்தனையும் அடுக்கிப் பத்த வெச்சதுல அன்னைக்கு ஃபெர்மிக்குக் கெடச்சது எவ்வளவு தெரியுமா? அரை வாட்டு. உங்க அம்மா சாமி படத்துக்கு முன்னால சின்னதா ஒரு பல்பு போட்டிருக்காளே, அதுகூட ஒழுங்கா எரியாது.

"அது பழைய கதை தாத்தா, நான் சும்மா சின்னதா ஒரு மாடல்தான் பண்றேன்"னு சொல்லுவ. தெரியும். நீ செம்மேட்டுல வாங்கியாந்த சரக்கைப் பாத்தேன். பைக்குக்கு ஒட்டற ரேடியம் ஸ்டிக்கர் நாலு. பெட்ரோமாக்ஸ் மேண்டில் ஒரு டப்பா. ஸ்டிக்கரைத் திருப்பிக் குடுத்துடு. கடைக்காரன் போர்டுல எழுதியிருக்கானேன்னு நம்பிட்ட. வெளிச்சம் பட்டா திருப்பி அடிக்கற பிளாஸ்டிக் அது. ரேடியத்துக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. நெசமான ரேடியத்தைக் கடிகார முள்ளுல தடவுன காலம் ஒண்ணு இருந்துச்சு. அமெரிக்காவுல வயசுப் பொண்ணுங்களை வெச்சுப் பூசுனாங்க. பிரஷ்ஷு முனை கூராகணும்னு நாக்குல தொட்டுத் தொட்டுப் பூசச் சொன்னாங்க. தாடை எலும்பு அரிச்சுப் பல்லு கையோட வந்துச்சு. வழக்கு போட்டு 1928-ல நஷ்டஈடு வாங்குனப்ப அந்தப் பொண்ணுங்கள்ல சிலபேருக்கு எழுந்து நிக்கவே தெம்பில்ல.

மேண்டில் விஷயத்துல நீ கெட்டிக்காரன்தான். அதுல தோரியம் உண்டு. இந்த மலையில கரண்டு வர்றதுக்கு முன்னால தெருக்கூத்துன்னா பெட்ரோமாக்ஸ்தான். லைட்டுக்காரர் ஒருத்தர் வருவார். அந்தப் பட்டுப்பையை நூலு போட்டுக் கட்டி, சுருக்கமில்லாம நீவி, மொதத் தடவை எரிய விடுவார். கருகும், சுருங்கும், அப்புறம் வெள்ளையா நிக்கும். துணி போயிடும், சாம்பல் மட்டும் பை உருவத்துல நிக்கும். அதுக்கு மேல யாரும் பக்கத்துல தும்மக்கூடாது. அர்ச்சுனன் தபசு உச்சத்துல இருக்கறப்ப ஒரு ஈசப்பூச்சி விழும், மேண்டில் பொலபொலன்னு உதிரும், அர்ச்சுனன் இருட்டுல நின்னு "லைட்டு!"ன்னு கத்துவான். அந்த உதிர்ற வெள்ளைப் பொடிதான் தோரிய ஆக்சைடு. ஆஸ்திரியாக்காரர் வெல்ஸ்பாக் கண்டுபிடிச்ச பக்குவம், 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம். அந்தத் தோரியம் எங்க இருந்து வருதுன்னு நெனைக்கற? நம்ம குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல்ல கெடக்கு. 1909-ல ஷோம்பர்க்குன்னு ஒரு ஜெர்மன்காரர், திருவிதாங்கூர்ல இருந்து கப்பல்ல போன கயித்துல ஒட்டியிருந்த மணலைப் பாத்துட்டு, கயித்தை விட்டுட்டு மணலைத் தேடி வந்துட்டார். மேண்டில் வியாபாரத்துக்குத்தான் மொதல்ல தோண்டுனாங்க. அணுகுண்டு, அணு உலை பேச்செல்லாம் பின்னால வந்தது.

கூத்து பாத்த சனம் செத்துப்போச்சான்னு கேளு. போகல. ஒரு மேண்டில்ல இருக்கறது சொற்பம். அதுலயும் ஆல்ஃபா கதிரு நம்ம மேல்தோலைக்கூடத் தாண்டாது. அதை நம்பித்தான் ஒங்க வீடியோக்காரன் தைரியமாக் கையில எடுத்துக் காட்டறான். ஆனா நீ ஒண்ணு ரெண்டோட நிக்கப் போறதில்ல. டப்பா டப்பாவா வாங்கி, எரிச்சு, பொடிச்சு, சேத்து, காய்ச்சிக் கூட்டணும்னு நோட்டுல எழுதியிருக்க. பொடி மூச்சுல போயி நெஞ்சுல உக்காந்துட்டா தோலு எங்க இருந்து தடுக்கும்? உள்ளாற இருந்து சுடும், நீ மறந்தப்புறமும் சுடும். தோரியம் பாதியாக் கொறையணும்னா 1,400 கோடி வருஷம் ஆவும். அந்தக் கொட்டாய்க்கு இன்னும் கூரை ஓடு மாத்தல.

நீ நெனச்சதையே ஒருத்தன் செஞ்சு பாத்திருக்கான். அமெரிக்காவுல மிச்சிகன் மாகாணம், டெட்ராய்ட்டுக்குப் பக்கம். சாரணர் படைப் பையன். மேண்டில்ல இருந்து தோரியம், பழைய கடிகாரத்துல இருந்து ரேடியம், புகை வந்தா கத்துமே அந்த டிடெக்டர்ல இருந்து அமெரிசியம். (நம்ம வீட்டுல அந்த டிடெக்டர் இல்ல. புகை வந்தா உங்க பாட்டி இருமுவா, அதோட சரி.) அவனுக்கும் எடம் அம்மா வீட்டுத் தோட்டத்துக் கொட்டாய்தான். 1994-ல போலீசு வேற எதுக்கோ அவன் காரை நிறுத்துனப்ப, பெட்டியைத் தொடாதீங்க, கதிர்வீச்சு இருக்குன்னு அவனே சொல்லிட்டான். வீடு பறிபோயிடும்னு பயந்த அம்மா கொட்டாய்ல இருந்ததுல பெரும்பகுதியைக் குப்பையில கொட்டிட்டா. அடுத்த வருஷம் ஜூன்ல அரசாங்கத்துக்காரன் முழுக்கவசம் போட்டுக்கிட்டு வந்து, கொட்டாயை வெட்டி 39 பீப்பாயில அடைச்சு, யூட்டா பாலைவனத்துக்குக் கொண்டுபோயிப் பொதைச்சான். பையன் உலை வைக்கவும் இல்ல, கரண்டு எடுக்கவும் இல்ல. ஒரு கொட்டாயை ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்ட அனுப்பி வெச்சதுதான் மிச்சம். அதுவே பெரிய சாதனை, இல்லேங்கல.

"அவன் அரைகுறை தாத்தா, நான் படிச்சுட்டுச் செய்வேன்". சரி, படிச்சவங்க கதைக்கு வா. லாஸ் அலமோஸ், அமெரிக்காக்காரன் அணுகுண்டு செஞ்ச எடம். லூயி ஸ்லோட்டின் அந்த வேலையில அத்தனை பேரையும் விடக் கைதேர்ந்த ஆளு. புளூட்டோனியம் உருண்டைக்கு மேலயும் கீழயும் பெரிலியத்துல ரெண்டு கிண்ணம். மேல் கிண்ணம் முழுசா மூடிடக்கூடாது. நடுவுல ஆப்பு வைக்கணும்னு முறை உண்டு. அவர் ஆப்பை எடுத்துட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குடுத்து நெம்பிக்கிட்டு நின்னார். 1946 மே 21. கை வழுக்குச்சு. நீலமா ஒரு மின்னல். கிண்ணத்தைத் தட்டி விட்டு மத்தவங்களைக் காப்பாத்திட்டார், ஒன்பதாம் நாள் போயிட்டார். அதே உருண்டை அதுக்கு முந்துன வருஷம் இன்னொருத்தரையும் வாங்கியிருந்துச்சு. ஸ்க்ரூ டிரைவர் நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கு, மிக்ஸி கழட்டப்போயி நீ முனை ஒடைச்சது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நான் ராத்திரி தூக்கம் வராம நெனைக்கறது டெல்லிக் கதையைத்தான். அது அணு விஞ்ஞானி கதை இல்ல, எங்க சாவிக்காரங்க கதை.

டெல்லி பல்கலைக்கழக ரசாயனத் துறையில 1968-ல கனடாவுல இருந்து ஒரு எந்திரம் வாங்குனாங்க. காமா செல்னு பேரு. ஆளுயர ஈய டப்பா, உள்ள கோபால்ட்-60 குச்சிங்க. ரசாயனச் சாமானை உள்ள எறக்கிக் கதிரு காட்டி ஆராய்ச்சி. நல்ல எந்திரம், முறையான ஆராய்ச்சி, விவரமான வாத்தியாரு. 1985-க்கு அப்புறம் யாரும் அதைத் தொடல. அது எப்படின்னு எனக்குத் தெரியும். வாத்தியாரு ரிட்டயர் ஆவார். அடுத்தவர் வருவார், அவருக்கு வேற ஆராய்ச்சி. அறைக்கு ஒரு பூட்டு விழும். சாவி ஆணியில தொங்கும். மேல ஒட்டுன சீட்டு கரப்பான் தின்னு போயிடும். பத்து வருஷம் கழிச்சுப் புதுசா வர்ற பையன் "அண்ணே, இதுல என்ன இருக்கு?"ன்னு கேப்பான், "பழைய சாமான், தொடாதே"ன்னு சொல்லுவோம். ஏன் தொடக்கூடாதுன்னு நமக்கும் மறந்திருக்கும். எங்க காலேஜுலயே அப்படி ரெண்டு பீரோ இருந்துச்சு. தொறந்து பாக்கற தைரியம் எவனுக்கும் வரல. அந்தக் கோழைத்தனத்துக்கு நான் இன்னைக்கும் மாரியம்மனைக் கும்பிடறேன்.

டெல்லியில தைரியசாலிங்க இருந்தாங்க. அறை வேணும்னு தோணுச்சு. 2010 பிப்ரவரியில ஏலம் விட்டுட்டாங்க. மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்காரங்க எடுத்துட்டுப் போயி, ஈயத்துக்கு ஆசைப்பட்டு உரிச்சாங்க. உள்ள பளபளன்னு உலோகக் குச்சி. ஒருத்தர் ஒரு துண்டை மணிபர்சுல போட்டு இடுப்புக்குப் பின்னால சொருகிக்கிட்டார், உக்கார்ற எடத்துத் தோலு வெந்து போச்சு. தலைமுடி கொட்டுச்சு, கை கறுத்துச்சு, வாந்தி. டாக்டருக்கே சந்தேகம் வந்து ஏப்ரல்ல அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போச்சு. அவங்க வந்து சந்தைக்குள்ள எந்திரத்தை நீட்டி நீட்டித் தேடிப் பொறுக்கி, நரோரா அணுமின் நிலையத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனாங்க. கடையில கூலி வேலை பாத்த ஒரு ஆளு செத்துப்போனார். கதிரு காட்டி ஆராய்ச்சி பண்ணவர் இல்ல, எந்திரத்தை வாங்குனவர் இல்ல, ஏலம் விட்டவர் இல்ல. நாள் கூலிக்கு இரும்பு உரிச்ச ஆளு.

இப்ப கணக்கைப் போடு, நீதான் டிப்ளமோ. கோபால்ட்-60 பாதியாக் கொறைய அஞ்சேகால் வருஷம். 1968-ல இருந்து 2010 வரைக்கும் 42 வருஷம். எட்டு தடவை பாதியாயிருக்கும். 256-ல ஒரு பங்கு. அந்த மிச்சமீதிதான் ஆளைத் தின்னுது. வாத்தியாரோட ஆர்வம் அதுக்கு ரொம்ப முன்னாடியே தீந்து போயிருந்துச்சு. பிரேசில்ல கொயானியான்னு ஒரு ஊரு, 1987-ல இதே கூத்து. ஆஸ்பத்திரிக்காரன் விட்டுட்டுப் போன எந்திரத்தைப் பழைய சாமான்காரங்க உரிச்சாங்க, சீசியப் பொடி இருட்டுல நீலமா மின்னுச்சு, அழகா இருக்கேன்னு வீட்டுக்கு வீடு பங்கு குடுத்தாங்க. நாலு பேரு போனாங்க, அதுல ஒண்ணு ஆறு வயசுப் பொண்ணு.

நீ எத்தனை நாளைக்கு இந்த அணு ஆராய்ச்சியில இருப்ப? கோவிச்சுக்காத, கேக்கறேன். காளான் வளக்கறேன்னு ஆரம்பிச்சது மூணு மாசம். காடை, ஒரு நோம்பி வரைக்கும். ட்ரோன் அந்தப் பலாமரத்துலயே இன்னும் கெடக்கு. காளான் படுக்கையை நான் எருவாக்கிட்டேன், காடையை உங்க பாட்டி வறுத்துட்டா. நீ நோட்டுல எழுதி வெச்சிருக்கற அமெரிசியத்தை என்ன பண்ணச் சொல்லற?

இதைத்தான் சட்டமும் கேக்குது. நீ சட்டம்னா அரசாங்கம் அறிவாளிங்களை அமுக்கறதுக்குப் போட்டதுன்னு நெனைக்கற. 1962-ல அணுசக்திச் சட்டம் வந்துச்சு. யுரேனியம், தோரியம், கனநீரு இதெல்லாம் வரையறுத்த பொருளு, அனுமதியில்லாமத் தோண்டக்கூடாது, பிரிக்கக்கூடாது, வெச்சுக்கக்கூடாதுன்னு அதுல இருந்துச்சு. மீறுனா அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போலாம், அபராதமும் கட்டலாம்னு எழுதியிருந்துச்சு. 2004-ல கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதின்னு ஒண்ணு: கதிரியக்கச் சாமானோ, கதிரு விடற எந்திரமோ வெச்சுக்கணும்னா பொதுவா லைசென்சோ பதிவுச் சீட்டோ வேணும். பல்லு டாக்டரோட எக்ஸ்ரே பெட்டிக்குக்கூட அந்தச் சீட்டு உண்டு. அடுத்த தடவை பல்லு புடுங்கப் போனா செவுத்துல பாரு. 1983-ல ஆரம்பிச்ச அந்த வாரியம் மும்பையில அணுசக்தி நகர்ல உக்காந்திருக்கு. லைசென்சுல மொதக் கேள்வியே இது யாரு பொறுப்புலங்கறதுதான். கடைசிக் கேள்வி, முடிஞ்சதும் எங்க கொண்டுபோயிக் குடுப்ப? டெல்லிக்காரங்க அந்தக் கடைசிக் கேள்வியில பெயிலு. அவங்களுக்குக் கதிரியக்கச் சாமான் கையாள்ற அனுமதியை வாரியம் நிறுத்தி வெச்சுது.

2025 டிசம்பர்ல பார்லிமெண்டுல பழைய சட்டத்துக்குப் பதிலா சாந்திச் சட்டம் நிறைவேறுச்சுன்னு நீ குதிச்சுக்கிட்டு வந்து சொன்ன. "தனியாருக்கு விட்டாச்சு தாத்தா!" விட்டாங்க கண்ணு. கோடிகோடியாப் போட்டு, லைசென்சும் பாதுகாப்புச் சீட்டும் வாங்கி நடத்தற கம்பெனிக்கு விட்டாங்க. அதுல காப்பிக் கொட்டாய்னு எங்கயும் எழுதல, நான் கண்ணாடி போட்டுத் தேடிட்டேன்.

நம்ம மலையில லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கி எத்தனை வீட்டுப் பரணுல கெடந்துச்சுன்னு எனக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். கெடு வெச்சு ஒப்படைங்கன்னு சொல்லுவாங்க. ஊர்க்கவுண்டர் தலையாட்டுவார். ராத்திரியோட ராத்திரியாக் கொண்டுபோயி ஊருக்கு வெளிய மரத்தடியில வெச்சுட்டு வந்துட்டா வேலை முடிஞ்சுது. துப்பாக்கி அங்கயே படுத்துக்கும், தானாச் சுடாது. உன் சரக்கை எந்த மரத்தடியில வெச்சாலும் அது பாட்டுக்குச் சுட்டுக்கிட்டே இருக்கும். தேன் எடுக்க வந்தவன் எடுத்து மடியில கட்டுவான்.

ஸ்வீடன்ல ஒருத்தன் உன்னைவிட நல்ல பையன். 2011-ல வீட்டு அடுப்புல ரேடியம், அமெரிசியம்னு எதையோ ஆசிட்டுல காய்ச்சினான், வெடிச்சுத் தெறிச்சுது. அப்புறமாத்தான் அவனுக்கு யோசனை வந்துச்சு, இது சட்டப்படி சரியான்னு. கதிர்வீச்சு இலாகாவுக்கே எழுதிக் கேட்டான். அவங்க பதில் எழுதல, போலீசோட நேரா வந்துட்டாங்க. எழுதிக் கேட்டது நல்ல பழக்கம். காய்ச்சறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். சிட்னியில ஒரு வாலிபன், தனிம அட்டவணையில இருக்கற அத்தனை தனிமமும் ஒவ்வொரு துணுக்கு சேக்கணும்னு ஆசைப்பட்டு, தபால்ல புளூட்டோனியம் வரவழைச்சான். ரொம்பச் சொற்ப அளவு. 2023-ல தெருவையே காலி பண்ணி வந்து எடுத்தாங்க. 2025 ஏப்ரல்ல கோர்ட்டு, பையனுக்குக் கெட்ட எண்ணம் இல்லேன்னு ரெண்டு வருஷ நன்னடத்தையோட விட்டுடுச்சு. அங்க ஜட்ஜுக்கு எரக்கம் இருந்துச்சு. இங்க அப்படியே அமையும்னு எந்த ஜோசியரும் எழுதித் தர மாட்டார்.

இன்னொரு கூட்டம் இருக்கு, நீ அணு அணுன்னு பேச ஆரம்பிச்சதுல இருந்து அது மோப்பம் பிடிச்சிருக்கும். வெள்ளைச் சட்டை, ரெண்டு போனு, நாமக்கல் நம்பர் பிளேட்டு. "பெரியவரே, இடி விழுந்த கோபுரக் கலசம் இருக்கா? இரிடியம் ஏறியிருக்கும். அரிசியை இழுக்கும். ரைஸ் புல்லர். கோடிக்கணக்குல எடுக்க ஆளு இருக்கு"ம்பான். டெஸ்டு பண்றதுக்கு மட்டும் மொதல்ல நம்ம பணம் வேணும்பான். டெல்லியில 2018-ல அப்பனும் மகனுமா ரெண்டு பேரு வெள்ளி கலர்ல விண்வெளிக்காரன் உடுப்பு மாட்டிக்கிட்டு, கதிர்வீச்சுச் சோதனைன்னு ஒரு வியாபாரிகிட்டக் கோடிக்கு மேல கறந்துட்டாங்க. 2021 மே மாசம் மும்பையில ஏழு கிலோ யுரேனியத்தோட ரெண்டு பேரு மாட்டுனாங்க. பாபா அணு ஆராய்ச்சி மையம் பாத்துட்டு, நெசமாவே இயற்கை யுரேனியம்னு சொல்லிடுச்சு. அடுத்த மாசம் ஜார்க்கண்ட்ல பொகாரோவுல ஆறு கிலோ பிடிச்சாங்க, சோதிச்சா அதுல கதிரும் இல்ல, யுரேனியமும் இல்ல. நெச யுரேனியம் வெச்சிருந்தவனும் கம்பி எண்ணுனான், பொய் யுரேனியம் வெச்சிருந்தவனும் கம்பி எண்ணுனான். சரக்கு எதுவானாலும் புரோக்கரை மட்டும் வாசப்படி ஏத்தாதே.

தங்கம் செய்யணும்னு இந்த மலைக்கு வந்தவங்களை நான் சின்ன வயசுல இருந்து பாக்கறேன். கோரக்கர் குகை எங்க, ரசவாத மூலிகை எதுன்னு காவித்துணியோட கேட்டுக்கிட்டு வருவாங்க. சாமி கும்பிட்டுட்டு அன்னாசி வாங்கிக்கிட்டுப் போவாங்க. ரசவாதம் பொய்யின்னு உங்க வாத்தியாரு சொல்லிக் குடுத்திருப்பார். முழுப் பொய்யில்ல. 1941-ல ஹார்வர்டுல பாதரசத்து மேல நியூட்ரானை வேகமா அடிச்சுத் தங்கமாக்கிட்டாங்க. அந்தத் தங்கம் அத்தனையும் கதிரு விட்டுச்சு, கொஞ்ச நாள்ல வேற உலோகமா மாறியும் போச்சு. எந்த ஆசாரியும் உரசிப் பாக்க முடியாத தங்கம். சித்தருங்க விஷயத்தை மறைச்சு வெச்சதுக்குக் காரணம் இருந்திருக்கும்னு எனக்கு அதைப் படிச்சப்பதான் தோணுச்சு.

மூஞ்சியத் தொங்கப் போடாத. அணுவைப் பாக்காம உனக்குத் தூக்கம் வராதுன்னா ஒரு வழி இருக்கு, லைசென்சு வேணாம். உங்கிட்ட மீன் வளத்த கண்ணாடித் தொட்டி காலியாத்தான கெடக்கு (அது காடைக்கு முந்தி). அடியில கறுப்புத் துணி, மேல் பக்கம் ஸ்பாஞ்சுல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கீழ உலர்பனி. உலர்பனி சேலத்துல கெடைக்கும். கைக்கு ரெண்டு உறை போட்டுக்க, அது நெருப்பை விட மோசமாச் சுடும். ஜன்னலைத் தொறந்து வை, பக்கத்துல அடுப்பு, பீடி எதுவும் கூடாது. ஆமா, என் பீடியும்தான். ஒரு பக்கமா டார்ச்சை அடிச்சுட்டுச் சத்தம் போடாம உக்காரு. கொஞ்ச நேரத்துல தொட்டிக்குள்ள அடியில மெலிசா மூட்டம் கட்டும். அதுக்குள்ள திடீர்னு வெள்ளையா ஒரு கீறல் விழும், அழியும். இன்னொண்ணு, நீட்டமா. அப்புறம் குட்டையா, தடியா ஒண்ணு. ஒவ்வொரு கீறலும் ஒரு துகள் போன தடம். நீ எதையும் பொடிக்கல, காய்ச்சல, வானத்துல இருந்தும் பாறையில இருந்தும் அதுபாட்டுக்கு வருது. மேல ஏற ஏற வானத்துக் கதிரு கூடும், அதனாலதான் ஊட்டியில டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க அதை அளக்கன்னே எடம் போட்டு உக்காந்திருக்காங்க. நாமக்கல்காரனுக்குக் கெடைக்கறதை விட நமக்கு ஒரு பிடி சேத்தித்தான் கெடைக்கும், அதுவும் ஓசியில.

இதைக் கண்டுபிடிச்ச வில்சனும் மலையைப் பாத்தவன்தான். 1894-ல ஸ்காட்லாந்துல பென் நெவிஸ் மலை உச்சியில கொஞ்ச நாள் இருந்தான். வெயில் பட்டப்ப மேகத்துல வர்ற வண்ண வளையத்தைப் பாத்துட்டு, இதை லேபுல செஞ்சு பாக்கணும்னு கீழ எறங்குனான். மேகம் செய்யப்போனவனுக்கு அணுத் துகளோட தடம் சிக்குச்சு. 1927-ல நோபல் பரிசு. நாமளும் வருஷத்துல பாதி நாள் மேகத்துக்குள்ளதான் குடியிருக்கோம். அது வந்தா நாம காப்பி காயலையேன்னுதான் திட்டறோம்.

அதுவும் வேணாம்னா அந்தத் தாரை எடுத்துப் பழம் ஒண்ணு உரிச்சுத் தின்னு. நம்ம மலை வாழைப்பழத்துல பொட்டாசியம் இருக்கு, அதுல கொஞ்சம் கதிரு விடற பொட்டாசியம். உன் ஒடம்புலயே அது செகண்டுக்கு 4,000 தடவைக்கு மேல வெடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. உலை உனக்குள்ளயே ஓடுது. அதுக்கு மும்பைக்காரன் லைசென்சு கேக்கல, கொட்டாயும் வேணாம்.

சரி, பிடிவாதத்துல உங்கப்பனைக் கொண்டிருக்க. எழுதிக் கேட்டுத்தான் தீருவேன்னா எழுது. உன் நோட்டுல விண்ணப்பத்தை ஏற்கெனவே கீறி வெச்சிருக்கறதையும் பாத்துட்டேன். நிறுவனத்தின் பெயர், காப்பிக் கொட்டாய். பொருள், அமெரிசியம். கதிரியல் பாதுகாப்பு அலுவலர்ங்கற எடத்துல யாரு பேரை எழுதியிருக்க? என் பேரை. அனுபவம், கல்லூரி ஆய்வகம். படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஆனா அந்த அமெரிசியம் பாதியாகறதுக்கே 432 வருஷம் ஆவும். அதுவரைக்கும் தாத்தன் இந்தத் திண்ணையில சாவியோட உக்காந்திருக்கணும்னு ஆசைப்படற. நான் தயார்தான் கண்ணு. உங்க பாட்டிக்குச் சம்மதமான்னு மட்டும் உள்ள போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு.